வடக்குச் சுவர் குடித்த தண்ணீர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. லண்டனின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோவிலின் வடக்குச் சுவர் உட்புறமாக நனைந்தது.
2. மழையே பெய்யாத கோடையிலும் நனைந்தது.
3. காரணம் தேடப்போன நாங்கள் எல்லோரும் வெளியே தேடினோம்.
4. காரணம் உள்ளே இருந்தது. கையில் வாளியோடு, தமிழில் கதைத்துக்கொண்டு நின்றது.
5. அதை அறிக்கையில் எழுத வேண்டிய ஆள் நான்.

ஆறாவதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவர்கள். பழைய கட்டடங்களைப் பார்த்து எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்று சொல்வதுதான் அங்கே தொழில். இப்போது சுவருக்குள் ஒரு சிறு கருவியைப் பதித்துவிட்டு ஈரத்தின் அளவைத் தொலைபேசியிலேயே பார்க்கிறார்கள். "எண்கள் இங்கேயே வருகின்றனவே, பிறகு ஏன் அடிக்கடி நேரில் போக வேண்டும்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

நான் அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவள். வயது முப்பத்தேழு. ஓய்வு என்றால் சிரிக்கிறார்கள், ஆனால் வேறு சொல் இல்லை. உள்காதில் வந்த நோயால் ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் எனக்கு உலகம் சுற்றும். ஏணி ஏற முடியாதவருக்கு அந்த வேலை இல்லை. இப்போது கணினிக்கு முன்னால் வேறு வேலை செய்கிறேன்.

படித்த கதை சுருக்கமானது. தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதமில் வளர்ந்தேன், கட்டடப் பொறியியல் படித்தேன், பழைய கட்டடங்களுக்கான மேற்படிப்பு ஒன்றை மாலை வகுப்பில் முடித்தேன். மூன்று இடங்களில் வேலை கேட்டேன். டெரிக் என்பவர் எடுத்துக்கொண்டார்.

டெரிக் உயரமானவர், குறைவாகப் பேசுபவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் ஒரு மணித்தியாலம் கருவிப் பெட்டியைத் திறக்க விடமாட்டார். இரண்டு கைகளும் சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, திரும்ப வெளியே ஒரு சுற்று. அதற்குப் பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்பார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே நிற்கிறது. "விரிசல்", "ஈரம்" போன்ற சொற்களை அந்த மணித்தியாலத்துக்குள் சொன்னால் கேட்காதவர் போல வேறு பக்கம் பார்ப்பார்.

சேர்ந்த புதிதில், ஊசி முனை உள்ள ஈரமானியைச் சுவரில் குத்தி, "முழுக்க நனைந்திருக்கிறது" என்று அறிவித்தேன். மறுநாள் என் மேசையில் ஒரு செங்கல் இருந்தது. அளந்து பார்க்கச் சொன்னார் டெரிக். அதுவும் முழுக்க நனைந்ததாகக் காட்டியது. கையில் எடுத்தால் எலும்பு மாதிரி உலர்ந்த கல்.

"உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அடுப்பில் காயவைத்தேன்," என்றார். "உன் கருவி ஈரத்தை அளக்கவில்லை. உப்பை அளக்கிறது."

அதன் பிறகு பழைய சுவர் என்றால் துளைத்துத்தான் பார்ப்போம். கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் சிறு துளையிட்டு, விழும் தூளைக் குப்பியில் அடைத்து, நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுப்போம். குறைந்த எடைதான் தண்ணீர். மெதுவான வேலை. ஆனால் உப்பு அதை ஏமாற்ற முடியாது.

இனி அந்தக் கோவில்.

ஈஸ்ட் ஹாமில் இறங்கி, பஸ் பிடித்து, பெரிய சாலைக்கும் கிடங்குகளுக்கும் நடுவே இறங்க வேண்டும். சுற்றிலும் இரைச்சல், நடுவில் ஒரு மயானம், அதற்குள் கோவில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. மொத்தம் இரண்டே அறைகள். சனம் இருக்கும் நீளமான அறை, அதன் கிழக்கே பீடம் உள்ள சிறிய அறை, நடுவில் ஓர் அரைவட்ட வளைவு. வடக்குச் சுவரில் ஆள் புக முடியாத அளவுக்கு ஒடுங்கிய ஜன்னல்கள் பழையவை. தெற்கே இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் வெளிச்சத்துக்காக உடைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு பழைய கதவு கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஞானஸ்நானத்தின்போது அந்த வழியால்தான் பிசாசு வெளியேறும் என்பது பழைய நம்பிக்கை என்று கோவில் காரியங்களைக் கவனிக்கும் பமெலா சொன்னார். குளிர்காற்று வந்ததால் அடைத்திருப்பார்கள் என்றார் டெரிக்.

சுவர்கள் தீக்கல்லும் ஆற்றுச் சரளையும் சுண்ணாம்புச் சாந்தில் போட்டு நிரப்பியவை. வெட்டிய கல்லுக்கு அந்தச் சிற்றூரிடம் வசதி இருந்திருக்காது. அதனால் உள்ளே சுண்ணாம்பு பூசி, அதன் மேல் காவி நிறத்தில் இரட்டைக் கோடுகள் இழுத்து, வெட்டிய கற்களை அடுக்கியது போலக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னப் பூ. பீட அறையின் வடக்குச் சுவரில் மட்டும் அது மிஞ்சியிருந்தது. அந்தச் சுவர்தான் நனைந்தது. கீழ் வரிசைகளில் வெள்ளை உப்புப் பூத்து, காவி செதில் செதிலாக உதிர்ந்தது. பமெலா அந்தச் செதில்களைக் கூட்டி ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார். எறிய மனம் வரவில்லை என்றார்.

நாங்கள் போவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தக்காரர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நிலத்திலிருந்து இடுப்பளவுக்குப் பூச்சை உரித்து, சுவருக்குள் இரசாயனம் ஏற்றி, சிமெந்தால் பூசிவிடலாம் என்பது அவருடைய யோசனை. கோவில் நிர்வாகச் சபை ஏறத்தாழச் சம்மதித்துவிட்டது. அப்படிச் செய்தால் பூக்களில் பாதி குப்பைக்குப் போகும். அதற்கு முன் இரண்டாவது அபிப்பிராயம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பமெலா.

கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு சுற்றினோம். கூரை நல்ல நிலையில் இருந்தது. மழைநீரை இறக்கும் பீலி அடைபடவில்லை. நிலத்தடிக் குழாய்க்குள் கமரா விட்டோம், உடைவில்லை. ஒரு குற்றவாளி மட்டும் கிடைத்தது. வெளிப்புறச் சுவர் முழுக்கப் போன நூற்றாண்டில் சபையே சிமெந்து பூசுவித்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் குடித்த தண்ணீரைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும், சிமெந்து அதன் வாயைப் பொத்திவிடும். டெரிக் அதை எழுதிவிட்டு முடிக்கத் தயாராக இருந்தார்.

எனக்கு ஒன்று பொருந்தவில்லை. தூள் மாதிரிகளை நிறுத்தபோது, வெளிப்பக்கத்தை விட உட்பக்கம்தான் அதிகம் நனைந்திருந்தது. அதுவும் நில மட்டத்தில். அது வறண்ட கோடை, மயானப் புல் வைக்கோலாகிக் கிடந்தது. சிமெந்து தண்ணீரை வெளியே விடாது, சரி. ஆனால் அது தண்ணீரை உண்டாக்காதே.

"உள்ளே யார் வந்துபோகிறார்கள்?" என்று பமெலாவிடம் கேட்டேன்.

"ஞாயிறு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை வாடகைக்கு வரும் ஒரு குழு. அருமையான ஆட்கள். கோவிலை மினுங்க வைத்துவிட்டுப் போவார்கள்."

மினுங்க வைப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. டெரிக்கும் கேட்கவில்லை. எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

தூள் அடைத்த குப்பி ஒன்று உடைந்துபோனதால், மீண்டும் தூள் எடுக்க ஒரு சனிக்கிழமை காலை நான் தனியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. சவர்க்கார வாசனை வந்தது. உள்ளே ஐந்தாறு பெண்கள் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தும்புத்தடியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பீடப் படியில் நின்று வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார். என்னைக் கண்டதும், வழுக்கும் என்று ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"ஆற்ற பிள்ளை? எந்த ஊர்?"

அம்மாவின் பெயரையும், மன்னாரில் அவருடைய ஊரான பேசாலையையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ, றீற்றாவின்ர மோளோ! நானும் அவவும் ஒரே வகுப்பு. அம்மா சுகமோ? நீ கலியாணம் கட்டிட்டியோ?"

அவர்தான் மலர் அன்ரி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர், அந்தக் குழுவுக்குத் தலைவி மாதிரி. மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து சனி பின்னேரம் அங்கே செபமாலை சொல்லி, மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசையும் வைத்தார்கள். பூசைக்கு முன் கோவிலைக் கழுவுவது எங்கள் ஆட்களின் வழக்கம். சின்ன வயதில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நானும் கழுவியிருக்கிறேன். அங்கே தரையைச் சிமெந்தில் வாசல் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். பீடத்தடியில் ஊற்றினால் தண்ணீர் தானாக முற்றத்துக்கு ஓடிவிடும்.

"அன்ரி, ஊத்துற தண்ணி எங்க போகுது?"

"இதென்ன கேள்வி. வாசலாலதான்."

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். வாசற்படி உலர்ந்திருந்தது.

யூட் அண்ணை என்று ஒருவர், பஸ் ஓட்டுபவர், அவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்கும் பூசை பார்க்க ஆசைபோல. உள்ளுக்கையே நிக்குது," என்றார்.

நான் ஒரு வாளியை வாங்கிப் படியில் மெதுவாகச் சாய்த்தேன். தண்ணீர் வாசல் பக்கம் போகவில்லை. வடக்குப் பக்கம் திரும்பியது. அங்கே தரையில் பதித்த கல்லறைக் கற்கள், கீழேயிருந்த குழி இறங்கியதால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வடக்கே சரிந்திருந்தன. தண்ணீர் அந்தக் கற்களில் பரவி, சுவரோரம் போய், கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது.

டெரிக்கின் மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

சுவரையும் உப்பையும் காட்டி அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப எங்களாலதான் பழுதாப்போச்சுது எண்டு எழுதப்போறியோ?" என்று மலர் அன்ரி கேட்டார்.

"எங்களாலயும் எண்டு எழுதப்போறன். வெளிய சிமெந்து பூசினவையாலயும்."

"அவையின்ர சிமெந்து அவையின்ர கோயிலில. நாங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் பிள்ளை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில இருந்தம், சாம்பிராணி மணக்குது எண்டு நிப்பாட்டினவங்கள். பிறகு ஒரு சனசமூக நிலையம், அதையும் இடிச்சுப்போட்டாங்கள். இதையும் விட்டா எங்க போறது?"

"கழுவுறதை நிப்பாட்டிப் பார்த்தா, எது எவ்வளவு எண்டு என்னால அளந்து காட்ட ஏலும் அன்ரி. அளக்காமல் எழுதினா முழுப்பழியும் உங்களுக்குத்தான் வரும்."

"கழுவாத கோயிலில பூசை வைக்கிறதோ? திருநாள் வருது. நான் நேர்ந்து வச்சுச் செய்யிற வேலை இது."

கைவிளக்கை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மங்கிய கோடும் எழும்பித் தெரியும். கட்டங்கள் வந்தன. பிறகு பூக்கள், வரிசை வரிசையாக. வாரா வாரம் அதற்குப் பக்கத்தில் நின்றும் அவர்கள் அதைக் கண்டதில்லை.

மலர் அன்ரி குனிந்து பார்த்தார். "எங்கட கோயில் சுவரிலயும் உப்பிடித்தான். ஈரச் சிமெந்தில கோடு கீறி, வெட்டுக்கல்லு மாதிரி."

"இதுவும் பொய்க்கல்லுத்தான் அன்ரி. உள்ளுக்கை வெறும் சரளை."

"அப்ப இவையும் காசில்லாத சனம்தான்," என்றார். பிறகு நிமிர்ந்து, "எத்தினை கிழமைக்கு?" என்று கேட்டார்.

இலையுதிர்காலம் முடியும்வரை என்றேன். திருநாளுக்கும் வாளி இல்லை, பிழிந்த துணி மட்டும். சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. துடைக்க நானும் வர வேண்டும். அந்தச் சனிக்கிழமைகள் முழுக்க ஸ்ட்ரெதமிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து போய்த் தரை துடைத்தேன்.

"எஞ்சினியர் படிச்சது நிலம் துடைக்கவோ?" என்பார் மலர் அன்ரி.

"அதுக்கும்தான்."

"நல்லாப் பிழி. பெரிய கதை கதைச்சிட்டு நீயே ஊத்துறாய்."

துடைத்து முடிந்ததும் துளையிட்டுத் தூள் எடுப்பேன். வாரம் போகப் போக அடிப்பகுதி காயத் தொடங்கியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு காய்வது நின்றுவிட்டது. அதற்கு மேல் மிஞ்சிய ஈரம் சிமெந்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது. இப்போது இரண்டு காரணங்களையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. உப்பை மேலே கொண்டுவந்தது எங்கள் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற விடாமல் வைத்திருந்தது அவர்களின் பூச்சு.

அறிக்கை எழுதும்போது டெரிக் என் மேசைக்கு வந்தார். நல்லெண்ணத்தோடுதான் வந்தார்.

"யார் கழுவினார்கள் என்று எழுத வேண்டியதில்லை. 'தரை கழுவப்பட்டு வந்துள்ளது' என்றால் போதும்."

"சிமெந்து பூசியது யார் என்று எழுதியிருக்கிறோமா?"

"இந்தச் சபை என்று எழுதியிருக்கிறோம்."

"அப்படியானால் இதையும் எழுதுவோம். ஆளில்லாமல் எழுதினாலும் பமெலாவுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். அப்போது மறைத்தது போல இருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுகிறேன். சபைக் கூட்டத்துக்கு அந்தச் சனிக்கிழமைக் குழுவையும் அழைக்க வேண்டும்."

டெரிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "உன் பெயரில் போகட்டும்," என்றார். அது கோபமா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டியலின் ஆறாவது இதுதான்: எழுதினேன்.

கூட்டம் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. நான் பக்கத்தை வாசித்து முடித்ததும் சபையின் பொருளாளர் முதலில் பேசினார். சிமெந்தை உரிக்கச் செலவாகும், சனிக்கிழமை வாடகையை நிறுத்தச் செலவில்லை, முதலில் அதைச் செய்வோம் என்றார். குரலை உயர்த்தவில்லை. சிலர் தலையாட்டினார்கள்.

மலர் அன்ரி எழுந்தார். வேலைச் சீருடையோடு வந்திருந்தார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நாங்கள் முதல் நாள் வந்தபோது பீடத்தடியில் வௌவால் எச்சம் கிடந்தது. ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை. நாங்கள் கழுவினோம். கழுவ வேண்டாம் என்று யாராவது சொன்னீர்களா? இந்தப் பிள்ளை சொன்னது, அன்றே நிறுத்தினோம். நீங்கள் பூசிய சிமெந்து இன்னும் அப்படியே இருக்கிறது."

பொருளாளர் தன் தாளைப் பார்த்தார். பமெலா மெதுவாகச் சொன்னார். "ஒருவரும் சொல்லவில்லை. மினுங்குகிறது என்று புகழ்ந்தது நான்."

வாக்கெடுப்பு நெருக்கமாக இருந்தது. இரசாயனம் ஏற்றும் யோசனை கைவிடப்பட்டது. சனிக்கிழமைக் குழு இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முன்பு அந்த நிபந்தனை இல்லை. வெளியே வந்ததும் மலர் அன்ரி என்னிடம், "உன்ர கடுதாசியால இப்ப வருசா வருசம் தலை சொறிய வேணும்," என்றார். யூட் அண்ணைதான், "பரவாயில்லை, தலை இருக்குதுதானே," என்றார்.

என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளைக்கு: சுவருக்குள் கருவி இருந்திருந்தால், சனிக்கிழமைகளில் எண் ஏறுவதை அது எனக்கு முன்பே காட்டியிருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன், கருவியைப் பதியுங்கள். ஆனால் எண் ஏன் ஏறியது என்று அது சொல்லாது. டெரிக்கின் முதல் மணித்தியாலம் நல்ல முறை. அதில் ஒரே ஒரு குறை இருந்தது. நாங்கள் எப்போதும் வார நாட்களில், கட்டடம் காலியாக இருக்கும்போதுதான் போனோம். அது காலியாக இருப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஒருமுறையாவது ஆட்கள் இருக்கும்போது போங்கள். யார் கூட்டுகிறார்கள், எதால் கூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். விடை உங்கள் சொந்த ஆட்களைக் காட்டினால், அளந்து பார்த்துவிட்டு, அதையும் எழுதுங்கள்.

இன்றைய நிலை இது. வெளிச் சிமெந்தில் கிழக்குப் பாதி உரிக்கப்பட்டுச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. மேற்குப் பாதிக்கு அனுமதி இருக்கிறது, காசு இன்னும் சேரவில்லை. பூக்களின் கீழ் இரண்டு வரிசைகள் போய்விட்டன, அவை திரும்ப வரா. அதற்கு மேலுள்ளவை நிற்கின்றன. அனுமதி இந்த வருடமும் புதுப்பிக்கப்பட்டது. சனிக்கிழமை காலையில் மலர் அன்ரியும் மற்றவர்களும் துணியால் துடைக்கிறார்கள். வாளியால் கழுவுவது வெளியே, வாசற்கல்லை மட்டும்.